உட்செவிச் சமநிலைக் குறைபாடுகளுக்கான மின்தூண்டல் சிகிச்சை: வரலாறு

உட்செவியில் உள்ள சமநிலை உறுப்புகளோ, அவற்றிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்போ பழுதுபட்டால் தலைச்சுற்றல், தள்ளாட்டம், பார்வை அலைவு ஆகியவை உண்டாகின்றன. அந்த நரம்பை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டி, இழந்த சமநிலை உணர்வை ஈடுசெய்யும் முயற்சிகள் உட்செவி மின்தூண்டல் சிகிச்சைகள் எனப்படுகின்றன. இவற்றில் இரண்டு வகைகள் உண்டு. காதுகளின் பின்புறத் தோலில் மின்முனைகளை ஒட்டித் தூண்டுவது ஒன்று. இது கால்வானியத் தூண்டல் எனப்படும். அறுவை சிகிச்சை செய்து உட்செவிக்குள்ளேயே மின்முனைகளைப் பொருத்துவது மற்றொன்று. இது சமநிலை உள்வைப்பு எனப்படும்.

தலை வழியாக மின்னோட்டம் பாய்ந்தால் தலை சுற்றும் என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதே மின்னோட்டத்தால் நிலைகுலைவைச் சரிசெய்ய முடியும் என்று மனிதர்களிடம் காட்டுவதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின. மின்சாரம் கிடைப்பதில் எந்தத் தடையும் இருக்கவில்லை. அது உடலில் எந்த உறுப்பைத் தொடுகிறது என்பதும், அந்த உறுப்பு மூளைக்கு என்ன செய்தியை எப்படி அனுப்புகிறது என்பதும் தெரியாமல் இருந்ததே தாமதத்திற்குக் காரணம்.

சமநிலை உறுப்பு செயல்படும் முறை

ஒவ்வொரு உட்செவியிலும் கேட்டலுக்குரிய நத்தைச்சுருளை ஒட்டி மூன்று அரைவட்டக் குழல்களும், யூட்ரிக்கிள், சாக்யூல் என்னும் இரண்டு சிறு பைகளும் உள்ளன. அரைவட்டக் குழல்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்தவை. தலை திரும்பும்போது குழலுக்குள் உள்ள திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அதனால் அங்குள்ள மயிர்ச்செல்கள் வளைகின்றன. அந்த வளைவு நரம்புத் துடிப்புகளாக மாறி மூளையை அடைகிறது. சிறு பைகள் இரண்டும் ஈர்ப்பு விசையையும் நேர்கோட்டு அசைவையும் உணர்கின்றன.

தலை அசையாமல் இருக்கும்போதும் இந்த நரம்பு ஓய்வதில்லை என்பது முக்கியமானது. அது எப்போதும் ஒரு சீரான வேகத்தில் துடித்துக்கொண்டே இருக்கிறது. தலை வலப்புறம் திரும்பினால் வலக்காதின் கிடைமட்டக் குழலிலிருந்து வரும் துடிப்பு கூடுகிறது. இடக்காதிலிருந்து வருவது குறைகிறது. இந்த வேறுபாட்டைக் கொண்டே மூளை தலையின் அசைவை அறிகிறது. அறிந்த கணமே கண்களை எதிர்த்திசையில் திருப்புகிறது. மிக வேகமான இந்த அனிச்சைச் செயலால்தான் ஓடும் பேருந்திலிருந்தும் கடைப்பலகையைப் படிக்க முடிகிறது. குழந்தைகள் தட்டாமாலை சுற்றி நின்ற பிறகும் உலகம் சுழல்வதுபோல் தோன்றுவதற்குக் காரணம், குழல்களின் உணர்பகுதி தன் இயல்பு நிலைக்குத் திரும்பச் சிறிது நேரம் ஆவதும், அந்தச் செய்தியை மூளை மேலும் சிறிது நேரம் நீட்டித்து வைத்திருப்பதும் ஆகும்.

வோல்ட்டாவும் புர்கினியேவும்

இத்தாலிய அறிவியலாளர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா, தொடர்ச்சியான மின்னோட்டம் தரும் முதல் மின்கல அடுக்கை உருவாக்கி, அதைப் பற்றி 1800இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அதில் தன் காதுகளிலேயே செய்துகொண்ட சோதனையையும் குறிப்பிட்டார். இரண்டு காதுகளிலும் உலோகக் கம்பிகளை நுழைத்து மின்கல அடுக்குடன் இணைத்தபோது தலைக்குள் ஓர் அதிர்ச்சி உண்டானது. பிறகு கெட்டியான குழம்பு கொதிப்பது போன்ற ஓசை கேட்டது. மூளைக்குத் தீங்கு நேரலாம் என்று அஞ்சிய அவர் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யவில்லை. உட்செவியை மின்சாரத்தால் தூண்டியதாகப் பதிவான முதல் நிகழ்வுகளில் இது ஒன்று. வோல்ட்டாவின் அறிவியல் எதிராளியான லூயிஜி கால்வானியின் பெயரே இன்றும் ‘கால்வானியத் தூண்டல்’ என்ற சொல்லில் நிலைத்திருக்கிறது.

பொகீமியாவைச் சேர்ந்த யான் புர்கினியே 1820ஆம் ஆண்டை ஒட்டித் தலைச்சுற்றலைப் பற்றி முறையாக ஆராய்ந்தார். அவர் தன்னையே சுழற்றிக்கொண்டு, சுழற்சி நின்ற பின் உலகம் எந்தத் திசையில் சுழல்வதாகத் தோன்றுகிறது என்பதைக் குறித்துக்கொண்டார். அந்தச் சுழற்சி தலை இருக்கும் நிலையைப் பொறுத்து மாறுவதைக் கண்டார். தலை வழியாக மின்னோட்டம் செலுத்தினாலும் சமநிலை குலைவதைப் பதிவுசெய்தார். ஆனால் இந்த உணர்வு மூளையில் தோன்றுவதாகவே அவர் கருதினார். காதுக்கும் தலைச்சுற்றலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் அன்று மருத்துவத்தில் இல்லை.

காதே காரணம் என்ற அறிதல்

பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் பியேர் ஃப்ளோரன்ஸ் 1820களில் புறாக்களின் அரைவட்டக் குழல்களை வெட்டிப் பார்த்தார். எந்தக் குழல் வெட்டப்பட்டதோ அந்தக் குழலின் தளத்திலேயே புறாவின் தலை ஆடியது. ஆனால் கேட்கும் திறன் அழியவில்லை. இதன் முழுப் பொருளையும் அவர் உணரவில்லை.

1861இல் பாரிசில் காதுகேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த ப்ரோஸ்பர் மெனியே, திடீர்த் தலைச்சுற்றல், வாந்தி, காதிரைச்சல், கேட்கும் திறன் குறைவு ஆகியவை சேர்ந்து வரும் நோயாளிகளைப் பற்றி மருத்துவக் கழகத்தில் அறிக்கை அளித்தார். இத்தகைய நோய்களை மூளையில் இரத்தம் மிகுவதன் விளைவாகக் கருதி, உடலிலிருந்து இரத்தத்தை வெளியேற்றுவது அக்கால வழக்கம். நோயின் இடம் உட்செவி என்று மெனியே கூறினார். அந்த நோய் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

1870களில் இந்தத் துண்டுகள் ஒன்றுசேர்ந்தன. ஜெர்மானியரான எடுவர்ட் ஹிட்சிக், தலை வழியாக மின்னோட்டம் செலுத்தும்போது தலைச்சுற்றலுடன் கண்களும் தாமாக அசைவதை 1871இல் விரிவாக விளக்கினார். 1873 முதல் 1875 வரையிலான காலத்தில் வியன்னாவில் யோசெஃப் ப்ராயர், பிராகாவில் எர்ன்ஸ்ட் மாக், எடின்பரோவில் அலெக்சாண்டர் கிரம் பிரவுன் ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தனர். அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணரும் உறுப்புகள், அவற்றுள் உள்ள திரவத்தின் நகர்வே தூண்டுதல் என்பது அந்த முடிவு. மின்னோட்டத்தால் வரும் தலைச்சுற்றலுக்கும் உட்செவிக்கும் உள்ள தொடர்பையும் ப்ராயர் ஆராய்ந்தார். பின்னாளில் சிக்மண்ட் ஃபிராய்டுடன் இணைந்து ஹிஸ்டீரியா பற்றிய நூலை எழுதியவரும் இவரே.

பரிசோதனையாக இருந்த காலம்

இதன் பிறகு பல ஆண்டுகள் மின்தூண்டல் சிகிச்சையாக அல்லாமல் நோயறியும் சோதனையாகவே பயன்பட்டது. பிரெஞ்சு நரம்பியலாளர் யோசெஃப் பாபின்ஸ்கி, மின்னோட்டத்தின்போது நோயாளியின் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கொண்டு உட்செவிக் குறைபாட்டை அறிய முயன்றார்.

இந்தச் சோதனையை வேறோர் எளிய முறை பின்னுக்குத் தள்ளியது. வியன்னாவில் பணியாற்றிய ராபர்ட் பாராணி, காதைக் கழுவும் நீர் மிகக் குளிர்ச்சியாகவோ சூடாகவோ இருந்தால் நோயாளிக்குத் தலை சுற்றுவதையும், கண்கள் துடிப்பதையும் கவனித்தார். வெப்பநிலை வேறுபாட்டால் குழலில் உள்ள திரவம் நகர்வதே காரணம் என்று விளக்கினார். இதற்காக 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. முதல் உலகப் போரில் ரஷ்யாவின் போர்க் கைதியாக இருந்தபோதுதான் அந்தச் செய்தி அவரை எட்டியது.

பாராணியின் நீர்ச் சோதனை ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதித்தது. உறுப்பு செயலிழந்திருந்தால் எதிர்வினை வராது. எனவே முடிவு தெளிவாக இருந்தது. மின்சோதனையோ குழப்பம் தந்தது. மின்னோட்டம் நரம்பையே நேரடியாகத் தூண்டக்கூடியது. மயிர்ச்செல்கள் அழிந்த காதிலும் நரம்பு பிழைத்திருந்தால் எதிர்வினை கிடைக்கும். நோயறியும் சோதனைக்கு இது பெரிய குறை. ஆனால் பின்னாளில் சிகிச்சைக்கு வழி திறந்தது இந்தக் குறையே. மயிர்ச்செல்கள் அழிந்த பிறகும் நரம்பைத் தட்டி எழுப்ப முடியும் என்றால், செயலிழந்த உறுப்பின் இடத்தில் ஒரு கருவியை வைக்கலாம்.

உயிர் காத்த மருந்தும் இழந்த சமநிலையும்

அத்தகைய கருவியின் தேவையைக் கூர்மையாக உணர்த்தியவை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயாளிகளைக் காப்பாற்றியது. ஆனால் அதைப் பெற்றவர்களில் சிலருக்கு இரு காதுகளிலும் சமநிலை மயிர்ச்செல்கள் அழிந்தன. பின்னர் வந்த ஜென்டாமைசினும் இதே தீங்கைச் செய்யக்கூடியது. மனிதர்களிடம் இந்தச் செல்கள் அழிந்தால் செயல்படும் அளவுக்கு மீண்டும் வளர்வதில்லை.

ஸ்ட்ரெப்டோமைசினால் சமநிலையை இழந்த ஒரு மருத்துவர், தன் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டு, 1952இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் தன் நிலையை எழுதினார். நாடித்துடிப்பால் தலை அசையும் அளவு மிகச் சிறியது. நலமாக இருப்பவர்கள் அதை உணர்வதே இல்லை. அந்த அசைவுகூட அவர் கண்முன் இருந்த எழுத்துகளை ஆடவைத்தது. கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கிடையே தலையை அழுத்தி வைத்துக்கொண்டே அவரால் படிக்க முடிந்தது. நடக்கும்போது உலகமே குலுங்கியது. இருட்டில் நிற்பது அரிதாயிற்று. இரு காதுகளிலும் சமநிலை இழந்தவர்களின் துன்பத்தை விளக்கும்போது மருத்துவர்கள் இன்றும் இந்தக் கட்டுரையைச் சுட்டுகிறார்கள்.

நரம்பின் மொழியை அறிதல்

1960களில் பெர்னார்ட் கோஹன், ஜுன்-இச்சி சுசுகி ஆகியோர் விலங்குகளில் ஒவ்வோர் அரைவட்டக் குழலின் நரம்பையும் தனித்தனியே மின்சாரத்தால் தூண்டினர். தூண்டப்பட்ட குழலின் தளத்திலேயே கண்கள் அசைந்தன. ஆகவே சரியான நரம்பிழையைச் சரியாகத் தூண்டினால் சரியான அசைவைப் பெறலாம் என்பது தெளிவானது.

1984இல் ஜே கோல்ட்பெர்க்கும் அவருடைய குழுவினரும் குரங்குகளில் செய்த ஆய்வு மற்றொரு செய்தியைத் தந்தது. எதிர்மின்வாய் உள்ள பக்கத்தில் நரம்பின் துடிப்பு வேகம் கூடுகிறது. நேர்மின்வாய் உள்ள பக்கத்தில் குறைகிறது. சீரற்று துடிக்கும் நரம்பிழைகள் மின்னோட்டத்துக்கு மிகுதியாக இணங்குகின்றன. மனிதர்களிடம் காணப்பட்ட ஒரு பழைய நிகழ்வு இதனால் விளங்கியது. காதுகளின் பின்புறம் மின்முனைகளை ஒட்டி ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தினால், கண்களை மூடி நிற்பவர் நேர்மின்வாய் உள்ள பக்கம் சாய்கிறார். எதிர்மின்வாய்ப் பக்கம் துடிப்பு கூடுவதால், தான் அந்தப் பக்கம் விழுவதாக மூளை எண்ணுகிறது. அதை ஈடுகட்ட உடலை மறுபக்கம் சாய்க்கிறது.

இரைச்சலால் கிடைக்கும் உதவி

தோலின் மேல் ஒட்டப்படும் மின்முனைகள் உட்செவியின் எல்லாப் பகுதிகளையும் ஒரே நேரத்தில் தூண்டுகின்றன. எந்தக் குழலுக்கு எந்தச் செய்தி என்று பிரித்து அனுப்ப இதனால் இயலாது. எனினும் வேறொரு பயன் கண்டறியப்பட்டது. நோயாளி உணர முடியாத அளவுக்கு மெல்லிய, ஒழுங்கற்ற மின்னோட்டத்தைச் செலுத்தினால், நரம்பில் எஞ்சியுள்ள மங்கலான செய்திகள் சற்றுத் தெளிவடைகின்றன. சிறிதளவு இரைச்சல் சேர்ந்தால் வாசலைத் தாண்டாத மெல்லிய குறிப்பும் வாசலைத் தாண்டும் என்பது இயற்பியலில் அறியப்பட்ட நிகழ்வு. இது தற்செயல் ஒத்ததிர்வு எனப்படும்.

2014இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஷினிச்சி இவாசாகியும் அவருடைய குழுவினரும், இரு காதுகளிலும் சமநிலை குறைந்த நோயாளிகளுக்கு இத்தகைய இரைச்சல் மின்னோட்டம் அளித்தபோது நிற்கும்போதான தள்ளாட்டம் குறைந்ததாகக் காட்டினர். அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் ஆய்வாளர்களும் விண்வெளியிலிருந்து திரும்புவோரின் சமநிலையை மனத்தில் கொண்டு இந்த முறையை ஆராய்ந்தனர். இதற்கு அறுவை சிகிச்சை தேவையில்லை என்பது நன்மை. ஆனால் சமநிலை உணர்வு ஓரளவாவது எஞ்சியிருக்க வேண்டும். பலன் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது.

சமநிலை உள்வைப்பு

மயிர்ச்செல்கள் முற்றிலும் அழிந்தவர்களுக்கு முன்மாதிரியாக அமைந்தது செவிக் கருவி. 1957இல் பாரிசில் ஆந்த்ரே ஜூர்னோவும் சார்ல் எய்ரியேவும் கேட்கும் திறன் இழந்த ஒருவரின் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டினர். அந்த வழியில் வளர்ந்த காக்ளியர் இம்பிளாண்ட் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. அருகிலேயே இருக்கும் சமநிலை நரம்புக்கு அதே முறையைக் கொண்டுவரப் பல பத்தாண்டுகள் ஆயின. ஒலியை ஏற்க ஒலிவாங்கி போதும். தலையின் சுழற்சியை அளக்க, தலையில் தாங்கக்கூடிய மிகச் சிறிய சுழற்சி உணரிகள் தேவைப்பட்டன.

2000இல் பாஸ்டனில் வாங்சோங் கோங், டேனியல் மெர்ஃபெல்ட் ஆகியோர் கினிப்பன்றிகளில் முதல் முன்மாதிரிக் கருவியைச் சோதித்தனர். தலையில் பொருத்திய உணரி சுழற்சியை அளந்தது. கருவி அதைத் துடிப்புகளாக மாற்றி நரம்புக்கு அனுப்பியது. பின்னர் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டெல்லா சான்டினாவின் குழு, மூன்று குழல்களுக்கும் தனித்தனியே செய்தி அனுப்பும் கருவியை 2007இல் விலங்குகளில் சோதித்தது.

அதே 2007இல் ஜெனீவாவில் ஜான்-ஃபிலிப் கியோவின் குழு, சமநிலை நரம்புக்கென ஒரு மின்முனை சேர்த்த காக்ளியர் இம்பிளாண்டை ஒரு மனிதருக்குப் பொருத்தியது. அங்கு ஓர் அடிப்படைக் கேள்விக்கு விடை தேவைப்பட்டது. நரம்பு ஓய்விலும் துடிப்பது. எனவே கருவியும் ஓய்வுநிலைத் துடிப்பைச் செயற்கையாகத் தர வேண்டும். அப்போதுதான் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஆனால் கருவியை இயக்கிய கணமே, ஒரு காதிலிருந்து மட்டும் வரும் துடிப்பை மூளை சுழற்சி என்று எடுத்துக்கொள்ளும். கண்கள் துடிக்கும். அந்த நோயாளியிடமும் அப்படியே நடந்தது. ஆனால் சிறிது நேரத்தில் மூளை பழகிக்கொண்டது; கண் துடிப்பு அடங்கியது. கருவியைச் சில முறை நிறுத்தி இயக்கிய பின் பழகும் நேரமும் குறைந்தது. 2011இல் வெளியான இந்த முடிவு, மனிதருக்கான சமநிலைக் கருவி இயலக்கூடியதே என்பதற்கு உறுதி தந்தது. 2014இல் ஜெனீவா, மாஸ்ட்ரிக்ட் குழுக்கள் இணைந்து, தலை அசைவுக்கேற்பக் கண்களைத் திருப்பும் அனிச்சைச் செயலை மனிதர்களிடம் செயற்கையாக மீட்டுக் காட்டின.

கேட்டலுக்கு நேரும் ஆபத்து

இந்த வரலாற்றில் தோல்வியிலிருந்து வந்த பாடமும் உண்டு. 2010இல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜே ரூபின்ஸ்டீன், ஜேம்ஸ் ஃபிலிப்ஸ் ஆகியோரின் குழு, மெனியே நோயாளிகளுக்கு வேறொரு நோக்கத்துடன் கருவி பொருத்தத் தொடங்கியது. நோய் தாக்கும் வேளையில் நரம்பைத் தூண்டி, இரு காதுகளின் செய்திகளையும் சமன்செய்து சுற்றலை அடக்குவது அதன் திட்டம். நான்கு பேருக்குக் கருவி பொருத்தப்பட்டது. தூண்டலால் கண் அசைவுகளைப் பெற முடிந்தது. ஆனால் பொருத்திய காதில் எஞ்சியிருந்த கேட்டலும் இயல்பான சமநிலையும் பாதிக்கப்பட்டன. நத்தைச்சுருளும் அரைவட்டக் குழல்களும் ஒரே திரவத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்றைத் திறந்தால் மற்றொன்றும் தீங்குக்கு உள்ளாகலாம்.

2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு மனிதர்களிடம் சோதனையைத் தொடங்கியது. 2021இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எட்டுப் பேரின் முடிவுகள் வெளியாயின. அவர்களில் பெரும்பாலோர் மருந்தின் தீங்கால் சமநிலையை இழந்தவர்கள். அவர்கள் கருவியை ஆய்வுக்கூடத்தில் மட்டுமின்றி, அன்றாட வாழ்விலும் இரவும் பகலும் இயக்கத்தில் வைத்திருந்தனர். ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் பார்த்தபோது நிற்கும் உறுதி, நடை, வாழ்க்கைத் தரம் ஆகியவை பொதுவாக மேம்பட்டிருந்தன. பொருத்திய காதில் கேட்கும் திறன் குறைந்தது. சிலருக்கு அந்தக் குறைவு கடுமையாக இருந்தது. ஆகவே நோயாளி முன் உள்ள கேள்வி எளிதானதல்ல. நிலையாக நடப்பதற்காக ஒரு காதின் கேட்டலைப் பணயம் வைக்கலாமா என்பதை ஒவ்வொருவரும் தம் நிலைக்கேற்ப முடிவுசெய்ய வேண்டியுள்ளது.

இந்தக் கருவிகள் பெரும்பாலும் சுழற்சியை மட்டுமே உணர்த்துகின்றன. ஈர்ப்பு விசையை உணரும் சிறு பைகளின் நரம்பைத் தூண்டும் முயற்சி ஸ்பெயினின் லாஸ் பால்மாஸ் நகரில் ஆஞ்செல் ராமோஸ் மசியாசின் குழுவால் மேற்கொள்ளப்பட்டுள்ளது.

சிகிச்சையில் இதன் இடம்

தலைச்சுற்றல் உள்ள எல்லோருக்கும் மின்தூண்டல் பொருந்தாது. காதுக்குள் உள்ள சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறுவதால் படுக்கும்போதும் திரும்பும்போதும் சில நொடிகள் தலை சுற்றுவதே உட்செவி சார்ந்த தலைச்சுற்றலில் மிகப் பரவலானது. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் எப்லி முறை இதைப் பெரும்பாலும் சரிசெய்கிறது. ஒரு காது மட்டும் பழுதுபட்டால், மறுகாதின் துணையோடு மூளை நாளடைவில் ஈடுகட்டிக்கொள்ளும். இதற்கு உதவும் உடற்பயிற்சிகளை 1940களில் இங்கிலாந்தில் டெரன்ஸ் காதார்ன், குக்சி ஆகியோர் வகுத்தனர். அவற்றின் வளர்ந்த வடிவங்களே இன்றும் முதன்மைச் சிகிச்சை.

இரு காதுகளும் பழுதுபட்டு, பயிற்சியாலும் போதிய பலன் பெறாதவர்களுக்கே உள்வைப்புகள் குறிவைக்கப்படுகின்றன. அவை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. இரைச்சல் மின்னோட்ட முறையும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. மின்கலத்தைக் கொண்டு வீட்டில் தாமே செய்துபார்க்கத்தக்கதல்ல இது. தோல் புண்ணாகலாம், நிலை தடுமாறி விழவும் நேரலாம்.

வோல்ட்டாவின் காதுகளுக்குச் சென்ற மின்சாரத்தில் எந்தச் செய்தியும் இல்லை. அது வெறும் அதிர்ச்சி. இன்றைய கருவி அனுப்பும் ஒவ்வொரு துடிப்பும் தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்கிறது. குறையுள்ள அந்தச் செய்தியையும் மூளை ஏற்றுப் பழகிக்கொள்கிறது என்பதே இத்துறையின் நம்பிக்கை. கேட்டலைக் கெடுக்காமல் அச்செய்தியை அனுப்புவதே அதன் முன் உள்ள அடுத்த பணி.